டயான் ஃபாஸியின் கரிசோக்கே: இன்று போனால் என்ன இருக்கிறது, எப்படிப் போவது?

வனநடை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ருவாண்டா போகும் திட்டம் இருக்கிறது. கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டைப் பற்றி எங்கு தேடினாலும் தகவல் கிடைக்கிறது. மலைக் கொரில்லாக்களை ஆராய்ந்த டயான் ஃபாஸி தொடர்பான இடங்களைப் பற்றித்தான் கோவையாக எதுவும் கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அவர் நிறுவிய கரிசோக்கே ஆய்வு முகாமில் இன்று என்ன மிச்சம் இருக்கிறது? அங்குள்ள அவர் கல்லறைக்கு ஏறும் பாதை எப்படி? அதே நாளில் கொரில்லாவையும் பார்த்துவிட முடியுமா? அவர் முதலில் வேலை செய்த கபாராவுக்குப் போக வழி உண்டா? அவர் பெயர் வைத்த கொரில்லாக்களின் வாரிசுகளை இன்றும் பார்க்கலாம் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

இன்னொன்றும் உறுத்துகிறது. ஃபாஸி சுற்றுலாவை எதிர்த்தவர். அப்படியிருக்க 1,500 டாலர் கட்டிப் போய்ப் பார்ப்பது அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதையாகுமா?

---

மழைக்காடு எழுதியது:

கல்லறைப் பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

கரிசோக்கேயில் கட்டடம் என்று சொல்ல இன்று எதுவும் இல்லை. 1967 செப்டம்பர் 24 அன்று கூடாரத்தில் தொடங்கிய முகாம் பின்னர் தகரக் குடில்களாக வளர்ந்தது. 1990களின் போரிலும் இனப்படுகொலைக் காலத்திலும் சூறையாடப்பட்டு அழிந்தது. ஆய்வுப் பணி கீழே முசான்சே நகருக்கு இறங்கிவிட்டது. ஃபாஸி காலத்தில் அந்த ஊருக்கு ருஹெங்கேரி என்று பெயர். மேலே இப்போது இருப்பவை, குடில்கள் நின்ற இடத்தைக் காட்டும் பலகைகள், பாசி மூடிய அடித்தளக் கற்கள், கொரில்லாக்களின் இடுகாடு, அதற்குள் டிஜிட் என்ற கொரில்லாவுக்குப் பக்கத்தில் ஃபாஸியின் கல்லறை. மரப்பலகைகளில் ஒவ்வொரு கொரில்லாவின் பெயரும் எழுதியிருக்கும். டிஜிட், அங்கிள் பெர்ட், மாச்சோ என்று வரிசையாக வாசித்துக்கொண்டு போனால், 1977 டிசம்பர் 31 முதல் 1978 நடுப்பகுதி வரையிலான அந்த ஏழெட்டு மாதத்தில் ஃபாஸி பின்தொடர்ந்த நான்காம் குழு எப்படிச் சிதைந்தது என்பது அந்த இடத்திலேயே புரியும். டிஜிட் ஈட்டிக் குத்துகளால் கொல்லப்பட்டது. தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப்போனார்கள். அடுத்த ஜூலையில் குழுவின் தலைவன் அங்கிள் பெர்ட்டும், மாச்சோவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தக் கதை தெரியாமல் ஏறினால் மேலே சில பலகைகளும் ஈரமான தரையும்தான் தெரியும். படித்துவிட்டு ஏறுங்கள்.

ஏறும் முறை: முசான்சே அருகே கினிகியிலுள்ள எரிமலைகள் தேசியப் பூங்காவின் தலைமையகத்தில் காலை 7 மணிக்கு ஆஜராக வேண்டும். கல்லறை நடைக்குத் தனி அனுமதி, வெளிநாட்டவருக்கு 75 டாலர். வழிகாட்டி பூங்காவிலிருந்து வருவார். காட்டெருமையும் யானையும் உள்ள காடு என்பதால் துப்பாக்கியோடு காவலர்களும் கூட வருவார்கள். அங்கிருந்து பிசோக்கே மலையடியிலுள்ள வண்டி நிறுத்தத்துக்குப் போக வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். பூங்கா வண்டி தராது. வண்டி உங்கள் பொறுப்பு. கடைசிப் பகுதி கல்லும் குழியுமான பாதை, சாதாரணக் கார் அடிவாங்கும். முதல் நாளே முசான்சேயில் ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வண்டி பேசிவிடுங்கள். ஒரு நாளுக்கு 80 முதல் 100 டாலர் வரை கேட்பார்கள். காலையில் தலைமையகத்தில் யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

முதலில் உருளைக்கிழங்கு, பைரெத்ரம் (பூச்சிக்கொல்லிக்காக வளர்க்கும் பூச்செடி) வயல்களுக்கு நடுவே நடை. பிறகு காட்டெருமை வயலுக்குள் வராமல் தடுக்கும் கற்சுவர். அதைத் தாண்டினால் காடு. ஆரம்ப ஏற்றம் செங்குத்து. அது முடிந்தால் கரிசிம்பிக்கும் பிசோக்கேக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம். அங்கே நடை எளிது, ஆனால் சேறு. முகாம் இருந்த இடம் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம். ஏற ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், இறங்க அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். சேறு அதிகமான மாதங்களில் இறங்கும்போதுதான் விழுவார்கள். கொடுக்கும் கைத்தடியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கணுக்காலைப் பிடிக்கும் உயரமான நடைக்காலணி, அதன் மேல் கெய்ட்டர் (காலணியையும் கீழ்க்காலையும் மூடும் உறை), கால்சட்டை நுனி காலுறைக்குள். படை எறும்புகள் வரிசையாகப் பாதையைக் கடக்கும்; துணிக்குள் ஏறிவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். தடித்த தோட்டக் கையுறை அவசியம். காஞ்சொறி ஆள் உயரத்துக்கு நிற்கும், வழுக்கும்போது கை தானாக அதைத்தான் பிடிக்கும். அதன் முள்முடிகள் மெல்லிய கால்சட்டையையும் துளைக்கும். பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். மழை வராத மாதம் என்றாலும் மழைச்சட்டை வேண்டும். வியர்வையில் நனைந்த உடையோடு 3,000 மீட்டரில் கல்லறையருகே நின்றால் பத்தே நிமிடத்தில் உடம்பு நடுங்கும். உலர்ந்த மேல்சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். ருவாண்டாவில் பாலித்தீன் பைகளுக்கு 2008 முதல் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். நீர் புகாத துணிப்பை கொண்டுபோங்கள்.

கொரில்லா நடையும் காலை 7 மணிக்கே தொடங்குவதால் இரண்டும் ஒரே நாளில் நடக்காது. கல்லறைப் பாதையில் கொரில்லாக் குடும்பம் குறுக்கே வந்தாலும் நின்று பார்க்க அந்த அனுமதி செல்லாது, வழிகாட்டி விலக்கி நடத்திப்போவார். முதல் நாள் கல்லறை, மறுநாள் கொரில்லா என்று வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. உயரமும் சேறும் முதல் நாளே பழகிவிடும்.

கிகாலியிலிருந்து அன்று காலை கிளம்பி வரும் திட்டம் வேண்டாம். முசான்சேக்கு நூறு கி.மீ. அளவுதான், ஆனால் வளைவுகள் நிறைந்த மலைப்பாதை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 7 மணிக்கு இல்லையென்றால் குழு போய்விடும், பணமும் போய்விடும். முந்தைய இரவு முசான்சேயிலோ கினிகியிலோ தங்குங்கள்.

---

கிழக்குச்சரிவு எழுதியது:

கபாரா இப்போதைக்கு இல்லை. மிகேனோ, கரிசிம்பி மலைகளுக்கு இடைப்பட்ட அந்தப் புல்வெளி காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. எம்23 என்ற கிளர்ச்சிக் குழுவின் மோதல்களால் அந்தப் பக்கச் சுற்றுலா நின்றுபோயிருக்கிறது. எல்லை தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கபாராவின் கதை ஃபாஸிக்கு முன்பே தொடங்குகிறது. 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா (இன்றைய விருங்கா) உருவாகக் காரணமாயிருந்த அமெரிக்க இயற்கையியலாளர் கார்ல் ஏக்லி 1926இல் அங்கேயே இறந்து அடக்கமானார். 1959-60இல் ஜார்ஜ் ஷாலர் அங்கே தங்கித்தான் மலைக் கொரில்லாவைப் பற்றிய முதல் முறையான களஆய்வைச் செய்தார். ஃபாஸி 1967 ஜனவரியில் வேலையைத் தொடங்கி, ஜூலையில் படைவீரர்களால் மலையிலிருந்து இறக்கப்பட்டார்.

அங்கிருந்து தப்பி அவர் போய்ச் சேர்ந்த இடத்தை நீங்கள் பார்க்கலாம். உகாண்டாவின் கிசோரோவில் வால்ட்டர் பௌம்கார்ட்டெல் நடத்திய டிராவலர்ஸ் ரெஸ்ட் விடுதி. கொரில்லா ஆய்வாளர்கள் எல்லோரும் வந்துபோன இடம், இன்றும் விடுதியாகவே இயங்குகிறது. சியானிகா எல்லை வழியாக முசான்சேயிலிருந்து ஒரே காலைப்பொழுதில் போய்ச் சேரலாம். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்துத் தரும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள் செல்லும். உகாண்டாவில் இருந்துவிட்டு ருவாண்டாவுக்குள் நுழைபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கினிகியில் எல்லன் டிஜெனரஸ் பெயரிலான ஃபாஸி நிதியத்தின் வளாகம் 2022இல் திறந்தது. கல்லறைக்கு ஏறும் முன் இதைப் பார்ப்பது நல்லது என்பேன். ஃபாஸியின் குடிலை மாதிரியாக அமைத்து வைத்திருக்கிறார்கள். மேலே வெறும் கற்களாகக் கிடப்பது எப்படி இருந்தது என்ற உருவம் மனதில் பதிந்துவிடும். ஆய்வுக்கூடமும் ருவாண்டா மாணவர்கள் படிக்கும் கல்வி மையமும் அதே வளாகத்தில் இருக்கின்றன. காலையில் நடை, பிற்பகலில் வளாகம் என்று வைத்தால் நாள் வீணாகாது.

நேரம் மிச்சமிருந்தால் கிசென்யி பக்கம் முகோங்கோ. ஃபாஸியின் நெருங்கிய தோழி ரோசமண்ட் கார் பூ வளர்த்த பண்ணை. 1994இல் அவர் அங்கேதான் இம்பபாஸி என்ற அனாதைக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மலைமேல் தனியாக வாழ்ந்த பெண்ணுக்குக் கீழே யார் துணை இருந்தார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் நின்றால் தெரியும்.

---

மூக்குரேகை எழுதியது:

வாரிசுகள் பற்றிய கேள்விக்கு.

ஃபாஸி பின்தொடர்ந்தவற்றில் முக்கியமானவை 4, 5, 8ஆம் குழுக்கள். ஐந்தாம் குழுவின் வழிதான் நீண்டது. அது பிரிந்துதான் பாப்லோ குழு போன்றவை வந்தன. பாப்லோ ஒரு கட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினரோடு இருந்தது. மலைக் கொரில்லாக் குழுவுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. ஃபாஸி காலத்தில் 1978இல் பிறந்த கான்ட்ஸ்பீ 2017 வரை வாழ்ந்தது. 1974இல் பிறந்த டைட்டஸ் 2009இல் இறந்தது. 1976இல் ஐந்தாம் குழுவில் எஃபி என்ற தாய்க்குப் பிறந்த பாப்பி 1985இல் சூசா குழுவுக்கு இடம்பெயர்ந்தது. ஃபாஸி பெயர் வைத்தவற்றை இனி நேரில் பார்க்கலாம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம், அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது. பேரன் பேத்திகள் உண்டு.

எந்தக் குடும்பத்தைப் பார்ப்பீர்கள் என்பது அன்று காலை தலைமையகத்தில்தான் முடிவாகும். நடக்கும் வலு, வயது ஆகியவற்றைப் பார்த்து எட்டெட்டுப் பேராகப் பிரிப்பார்கள். சூசா வேண்டும் என்று உங்கள் ஓட்டுநர் மூலமோ வழிகாட்டி மூலமோ முன்கூட்டியே கேட்கலாம். உறுதி கிடையாது. சூசா பெரும்பாலும் கரிசிம்பிச் சரிவில் தொலைவில் இருக்கும். பல மணி நேரம் நடக்கத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள். ஆய்வுக்கென்றே பின்தொடரப்படும் குழுக்களுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போக மாட்டார்கள்.

உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ஃபாஸியின் முறையைக் கண்ணெதிரே பார்க்கலாம். முதலாவது மூக்கு. மூக்குத் துளைகளுக்கு மேலே இருக்கும் மடிப்புகளும் பள்ளங்களும் ஒவ்வொரு கொரில்லாவுக்கும் வேறு வேறு. அதைக் கோட்டுப்படமாக வரைந்து வைத்துத்தான் அவர் ஆளடையாளம் கண்டார், இன்றும் தடம் பார்ப்பவர்கள் கையில் அதே வகைப் படம் இருக்கும். எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு படத்தை ஒப்பிட்டுக் காட்டினாலே மூன்றாவதை நீங்களே அடையாளம் கண்டுவிடுவீர்கள். இரண்டாவது, தொண்டையைச் செருமுவது போன்ற அடிக்குரல் உறுமல், இரண்டு அசையாக வரும். நிம்மதியாக இருக்கிறேன் என்ற பொருளில் கொரில்லாக்கள் ஒன்றுக்கொன்று எழுப்பும் ஒலி. வழிகாட்டி நெருங்கும்போது அதையே எழுப்புவார். நிமிர்ந்து நடக்காமல் தணிந்து போவது, இலையைக் கடிப்பதுபோலப் பாவனை செய்வது, முறைத்துப் பார்க்காமல் இருப்பது எல்லாம் ஃபாஸி மாதக்கணக்கில் பொறுமையாகக் கையாண்டவை. 1970இல் பீனட்ஸ் என்ற ஆண் கொரில்லா தானாக முன்வந்து அவர் கையைத் தொட்டது அந்தப் பொறுமையின் பலன்.

நீங்கள் தொட முயலக் கூடாது. பழைய விதி 7 மீட்டர். கோவிட் காலத்திலிருந்து 10 மீட்டரும் முகக்கவசமும் கேட்கிறார்கள். குட்டிகள் விதி பார்க்காமல் ஓடி வரும், அப்போது நீங்கள்தான் மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். வெள்ளிமுதுகு ஆண் (முதுகு நரைத்த முதிர்ந்த ஆண்) பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள். குனிந்து, பார்வையைத் தாழ்த்தி, வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். ஓடினால் துரத்தும்.

சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. மனிதர்களின் சுவாச நோய்கள் அவற்றுக்குத் தொற்றும், எதிர்ப்புச் சக்தி கிடையாது. 1988இல், ருவாண்டா, காங்கோ, உகாண்டா மூன்றும் சந்திக்கும் விருங்கா மலைத்தொடரில் சுவாச நோய் பரவிச் சில கொரில்லாக்கள் இறந்தன. தட்டம்மையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஊசித்துப்பாக்கியால் தடுப்பூசி போட்டார்கள். இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே என்று இருமலை மறைத்துக்கொண்டு ஏறுபவர்கள் உண்டு. அது மன்னிக்க முடியாத காரியம். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லாததற்கு, குழந்தைகளிடம் தொற்று நோய்கள் எளிதில் இருப்பதும் ஒரு காரணம்.

---

கண்ணியறுப்பவன் எழுதியது:

கடைசிக் கேள்விதான் முக்கியம், எனவே அதற்குக் கொஞ்சம் நீளமாக.

ஃபாஸி சுற்றுலாவை எதிர்த்தது உண்மை. நோய் வரும், கூட்டம் வரும், வருகிற பணம் காட்டுக்குள் காவலாக மாறாது என்பது அவர் வாதம். பணத்தை முதலில் காவல் நடைக்குச் செலவிடுங்கள் என்றார். 1979இல் அவருடைய நான்கு ஆப்பிரிக்கப் பணியாளர்கள் நான்கே மாதத்தில் 987 கண்ணிகளை அழித்தார்கள். கண்ணி என்பது வளைத்துக் கட்டிய மூங்கில், அதன் நுனியில் கம்பி அல்லது கயிற்றுச் சுருக்கு, மேலே இலைதழை. மான் வகைகளுக்கும் காட்டெருமைக்கும் வைப்பது. கொரில்லாக் குட்டி அதில் கையை விட்டால் மூங்கில் விடுபட்டுச் சுருக்கு இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அறுத்துக்கொண்டு போனாலும் கம்பி மணிக்கட்டிலேயே இருக்கும், சீழ்பிடித்துக் கை அழுகும். இதற்கு மருத்துவர் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 1986இல், அவர் கொல்லப்பட்ட மறு ஆண்டு, கால்நடை மருத்துவத் திட்டம் தொடங்கியது. இன்றைய கொரில்லா டாக்டர்ஸ் அமைப்பு அதன் தொடர்ச்சி.

எதிர்ப்பக்கம், 1979இல் தொடங்கிய மலைக் கொரில்லாத் திட்டம். அதைத் தொடங்கிய ஆய்வாளர்களான பில் வெபரும் ஏமி வெடரும் வேறு கணக்குப் போட்டார்கள். 1969இல் பைரெத்ரம் பயிருக்காகப் பூங்காவிலிருந்து பத்தாயிரம் ஹெக்டேர் அளவு வெட்டியெடுத்துவிட்டார்கள். நிலம் தேடும் அரசுக்குக் காடு வருமானம் தராவிட்டால் மிச்சமும் போய்விடும் என்பதே அவர்கள் கவலை. சிறு குழுக்களாகச் சுற்றுலா அப்படித்தான் பிறந்தது.

யார் சொன்னது சரி? எண்ணிக்கையைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் விருங்கா மலைத்தொடரில் 250 அளவில் இருந்தவை 2015-16 கணக்கெடுப்பில் 604. உகாண்டாவின் பிவிண்டி காட்டையும் சேர்த்து 1,063. 2018இல் அழிவபாய உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் 'மிக அதிக அபாயம்' என்ற நிலையிலிருந்து அதைவிடக் குறைந்த அபாய நிலைக்கு மாறியது மலைக் கொரில்லா. இதைவிட முக்கியமானது 2011இல் வந்த ஓர் ஆய்வு. 1967 முதல் 2008 வரையிலான விருங்கா கொரில்லாக்களை எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தி, தினமும் பின்தொடரப்பட்ட குழுக்கள் ஆண்டுக்கு 4.1 சதவீதம் வளர்ந்தன. பழக்கப்படுத்தாத குழுக்கள் 0.7 சதவீதம் குறைந்தன. காடு ஒன்று, உணவு ஒன்று. தினமும் பக்கத்தில் ஆள் இருந்ததும், கண்ணி அறுத்ததும், காயத்துக்கு மருந்து போட்டதும்தான் வேறுபாடு. அந்த தினசரிப் பின்தொடர்தலைத் தொடங்கி வைத்தவர் ஃபாஸி. இன்று பூங்காவின் காவல் செலவுக்குச் சுற்றுலா வருமானம் உதவுகிறது. பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. 2017க்கு முன் அது 5 சதவீதம். எனவே உங்கள் 1,500 டாலரில் ஒரு பகுதி அவர் கேட்ட காவல் வேலைக்கும் போய்ச் சேருகிறது. நோயைப் பற்றி அவர் எச்சரித்ததும் தவறில்லை, மேலே நண்பர் சொன்னதைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்தே மதிக்கலாம்.

ஆனால் அவரைத் தெய்வமாக்க வேண்டாம். பிடிபட்ட வேட்டைக்காரர்களைக் காஞ்சொறியால் அடித்ததை அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். பூங்காவுக்குள் மேய்ந்த மாடுகளைச் சுட்டார். மலையடிவாரத்தில் நிலமின்றி இருந்தவர்களோடு அவருக்கு நல்லுறவு இல்லை. 1985 டிசம்பர் 27 அன்று காலை குடிலில் வெட்டுண்டு கிடந்தார். ஓர் அமெரிக்க ஆய்வு மாணவருக்கு அவர் இல்லாமலே நீதிமன்றம் தண்டனை விதித்தது. அதைப் பலர் ஏற்கவில்லை. கொலையைப் பற்றிக் கல்லறையருகே வழிகாட்டியிடம் துருவிக் கேட்காதீர்கள். தடம் பார்க்கும் வேலையைக் கேளுங்கள், அதில் அவர்கள் சொல்வதற்கு நிறைய இருக்கும். அந்த வேலையைச் செய்யும் ருவாண்டாக்காரர்களில் பலர் போர்க்காலத்திலும் உயிரைப் பணயம் வைத்து மலையேறியவர்கள்.

புதிய சிக்கலும் உண்டு. 2007க்குப் பின் குழுக்கள் பிளந்து, அதே பரப்பில் அதிகக் குழுக்களானபோது மோதல்கள் பெருகின. அந்நிய ஆண்கள் குட்டிகளைக் கொல்வதும் கூடியது, வளர்ச்சி வேகம் குறைந்தது. குட்டிக்கொலையை முதலில் பதிவு செய்தவர்களில் ஃபாஸியும் ஒருவர். ருவாண்டா பக்கப் பூங்கா 160 சதுர கி.மீ. மட்டுமே. இனி எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் இடம் கூட வேண்டும்.

---

வனநடை எழுதியது:

மிக்க நன்றி. கல்லறை முதல் நாள், கொரில்லா மறுநாள் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த மாதம் நல்லது? படம் எடுக்க, பணம் எடுத்துப்போக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

மழைக்காடு எழுதியது:

ஜூன் முதல் செப்டம்பர், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. அந்த மாதங்களுக்கு அனுமதி பல மாதம் முன்பே தீர்ந்துவிடும், தேதியை உறுதி செய்தபின் விமானச் சீட்டு எடுங்கள். கல்லறை நடைக்கு அவ்வளவு நெருக்கடி இருக்காது. மழை மாதங்களில் மூங்கில் குருத்து முளைக்கும்; அதைத் தின்னக் கொரில்லாக்கள் கீழே இறங்கி வருவதால் நடை குறையலாம், சேறு கூடும்.

படத்துக்கு: கருப்பு ரோமத்தைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் சாம்பல் நிறத்தில் வெளுத்துவிடும். வெளிச்ச ஈடுகட்டலை மைனஸ் மூன்றில் இரண்டிலிருந்து மைனஸ் ஒன்று வரை வையுங்கள். மூங்கிலுக்குள் இருட்டு, ஐஎஸ்ஓ அளவை 1600க்குக் கீழே வைத்தால் படம் ஆடும். 70-200 லென்ஸ் ஒன்று போதும், காட்டுக்குள் லென்ஸ் மாற்றினால் ஈரம் உள்ளே போகும். ஃபிளாஷை முன்கூட்டியே அணைத்து வையுங்கள், அனுமதி கிடையாது.

டாலர் தாள்கள் புதியவையாக இருக்கட்டும். 2009க்கு முந்தைய அச்சு, கிழிசல், பேனா எழுத்து இருந்தால் வாங்கமாட்டார்கள். சுமை தூக்குபவருக்கு 15-20 டாலர். பை சின்னதாக இருந்தாலும் ஒருவரை அமர்த்துங்கள், செங்குத்தான இடத்தில் கைகொடுத்து ஏற்றுவதும் அவர்தான். அவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். கூலியைத் தனியாகச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், மலையடியில் மாற்றித் தர யாரிடமும் இருக்காது.